வெடித்த உதடும் இரண்டு வாரக் கணக்கும்

(கொழும்பில் தொழில் பார்க்கும் தோட்டத்து இளைஞர், யுவதிகளுக்காகவும் அவர்களைப் பார்க்க மலையிலிருந்து வந்திருந்த பெற்றோருக்காகவும் கொட்டாஞ்சேனையில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் தாதி ஒருவர் ஆற்றிய உரை. தோட்டத்தில் உள்ளவர்களும் படித்துப் பயன்பெற இங்கே தருகிறோம்.)



உதட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பரவாயில்லை, சிரியுங்கள். சிரிக்கும்போது உதடு எரிகிறதா இல்லையா என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் வந்தால் டிஸ்பென்சரிக்குப் போகிறோம். வயிற்று வலி என்றாலும் போகிறோம். உதடு வெடித்தால் யாரும் போவதில்லை. "குளிருக்கு வெடிச்சிருக்கு, தானா ஆறிடும்" என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சரிதான். வீட்டிலிருக்கிற தேங்காயெண்ணெயே போதும். ஆனால் எல்லா வெடிப்பும் குளிரால் வருவதில்லை. எது வீட்டில் ஆறும், எதை வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

உதடு ஏன் வெடிக்கிறது?

நம் உடம்புத் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை தோலுக்குக் கொஞ்சம் பசை கொடுத்துக்கொண்டே இருக்கும். உதட்டின் சிவந்த பகுதியில் அந்தச் சுரப்பிகள் இல்லை. வியர்வைச் சுரப்பியும் இல்லை. தோலும் மிக மெல்லியது. அதனால்தான் உள்ளே ஓடும் இரத்தத்தின் சிவப்பு வெளியே தெரிகிறது. தனக்கென்று எண்ணெய் இல்லாத, மெல்லிய தோல். காற்றுப் பட்டால் முதலில் காய்வது அதுதான்.

மலையில் இருப்பவர்களுக்கு ஜனவரி, பெப்ரவரி மாதங்கள்தான் கஷ்டம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த மாதங்களில் சில நாட்களில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தே கருகிப்போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இலையைக் கருக்குகிற குளிர் உதட்டை விடுமா? காலையில் குளிர், பகலில் வெயில், இடையில் வறண்ட காற்று. உயரம் கூடக்கூட வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரும் கூடுகிறது. 1,000 மீற்றர் ஏறினால் அது ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து வீதம் கூடும். குளிராக இருக்கிறதே என்று நினைப்போம், வெயில் சுடுவது தெரியாது. கீழ் உதடுதான் வெயிலை நேராக வாங்கும்.

கொழும்பில் இருக்கிற பிள்ளைகள் கேட்கலாம், "இங்க குளிர் இல்லையே மிஸ், எங்களுக்கு ஏன் வெடிக்குது?" என்று. வெள்ளவத்தை காலி வீதியில் புடைவைக் கடையிலோ நகைக் கடையிலோ வேலை செய்யும் பிள்ளை, காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனால் இரவு கடை சாத்தும் வரை ஏசிக் காற்றில்தான் நிற்கிறது. ஏசி காற்றைக் குளிரவைக்கும்போதே அதிலிருக்கும் ஈரத்தையும் எடுத்துவிடுகிறது. வெளியே கடற்காற்றும் வியர்வையும், உள்ளே வறண்ட காற்று. அதோடு, வாடிக்கையாளர் நிற்கும்போது தண்ணீர் குடிக்கப் போக முடிவதில்லை. மலையில் கொழுந்தெடுக்கிற அம்மாவுக்கும் இதே கதைதான். மலையில் மலசலகூடம் இல்லாததால் பகல் முழுதும் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் நிறையப் பேர். இடம் வேறு என்றாலும் தாய்க்கும் மகளுக்கும் உதடு ஒரே காரணத்தால்தான் காய்கிறது.

நாக்கால் தடவும் பழக்கம்

உதடு காய்ந்ததும் நாம் முதலில் செய்வது என்ன? நாக்கால் தடவிக்கொள்கிறோம். அந்த நிமிடம் சுகமாக இருக்கும். எச்சில் காயும்போது உதட்டில் இருந்த ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அதோடு, எச்சில் என்பது சாப்பாட்டைச் செரிக்கவைக்கிற திரவம். அது உதட்டின் மேல் காய்ந்து காய்ந்து படிந்தால் மெல்லிய தோல் புண்ணாகும். மறுபடியும் எரியும், மறுபடியும் தடவுவோம்.

சின்னப் பிள்ளைகளுக்கு வாயைச் சுற்றி வட்டமாகச் சிவந்து, கறுத்துப்போயிருப்பதைப் பிள்ளைக் காம்பராவில் பார்த்திருப்பீர்கள். அனேகமாக அது நாக்கால் நக்கி நக்கி வருவது. பிள்ளையை அதட்டிப் பயனில்லை. எண்ணெய் பூசிவிட்டால் காய்வது குறையும், நக்குவதும் தானாகக் குறையும்.

வீட்டில் செய்யக்கூடியது

முதலாவது, தேங்காயெண்ணெய். இதைவிட மலிவானதும் நல்லதும் தேட வேண்டியதில்லை. குளிர்காலத்தில் போத்தலுக்குள் உறைந்திருக்கும், விரலால் தொட்டால் உருகிவிடும். இரவு படுக்கும்போது ஒரு தடவை, காலையில் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை, சாப்பிட்டு வாய் கழுவிய பின் ஒரு தடவை பூசுங்கள். முதலில் உதட்டைத் தண்ணீரால் நனைத்து, மெதுவாக ஒற்றிவிட்டு, ஈரம் இருக்கும்போதே பூசுவது நல்லது. எண்ணெய் தானாக ஈரம் கொடுக்காது. இருக்கிற ஈரத்தை ஓடவிடாமல் மூடி வைக்கும். நெய் இருந்தால் நெய்யும் அதே வேலையைச் செய்யும். வசலினும் பூசலாம், கெடுதல் இல்லை.

கையில் கொண்டுபோக வசதியாக ஒன்று வேண்டும் என்றால் வீட்டிலேயே செய்யலாம். கொழும்பில் இருப்பவர்கள் புறக்கோட்டை கபோஸ் லேனில் உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் தேன்மெழுகு கேட்டுப் பாருங்கள். துருவிய தேன்மெழுகு ஒரு தேக்கரண்டிக்கு தேங்காயெண்ணெய் நான்கு தேக்கரண்டி. ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, அந்தக் கிண்ணத்தைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். நேராக அடுப்பில் வைக்கக் கூடாது. உருகியதும் சுத்தமான ஒரு சின்ன டப்பாவில் ஊற்றி ஆறவிடுங்கள். ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கும் ஒன்று கொண்டுபோகலாம். ஆளுக்கொரு டப்பா வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உதட்டில் உள்ள புண் விரல் வழியாக மற்றவருக்கு வரலாம்.

தேன் பூசலாமா என்று கேட்பீர்கள். பெரியவர்கள் பூசலாம். ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனை உதட்டிலும் தடவாதீர்கள், நாக்கிலும் வைக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சேனை வைக்கிற வழக்கம் உள்ள குடும்பங்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர். வேலைக்குப் போகுமுன், சாப்பாட்டு நேரத்தில், வேலை முடிந்து வந்ததும் என்று நேரம் வைத்துக் குடியுங்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோங்கள். மூன்றாவது, மறைப்பு. மலையில் தலையில் போடும் துணியை நெற்றிக்குக் கொஞ்சம் முன்னால் இழுத்து விடுங்கள். காற்று அடிக்கும்போது வாயையும் மூடிக் கட்டிக்கொள்ளுங்கள். ஆண்கள் விளிம்புள்ள தொப்பி போடுங்கள்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். உரியும் தோலைப் பல்லால் கடித்து இழுக்காதீர்கள், இரத்தம் வரும், கிருமி ஏறும். எலுமிச்சம்பழம், பற்பசை, உப்பு, இதெல்லாம் வெடித்த உதட்டுக்கு ஆகாது. தலைவலிக்குப் பூசுகிற காரமான தைலங்களையும் பூசாதீர்கள். அது குளிர்ச்சியாக இருப்பதுபோல் இருக்கும், ஆனால் எரிச்சலைக் கூட்டும். தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. பேரும் முகவரியும் இல்லாத லிப்ஸ்டிக் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் பூசி உதடு எரிந்தால், அதை விட்டுவிடுங்கள். புதுப் பற்பசை மாற்றிய பிறகு உதடு எரிய ஆரம்பித்தாலும் அதேதான், நிறுத்திப் பாருங்கள்.

கடைவாய் வெடித்தால்

இதுவரை சொன்னது உதடு முழுவதும் காய்ந்து வெடிப்பதைப் பற்றி. சிலருக்கு இரண்டு ஓரத்திலும், கடைவாயில் மட்டும் வெடிக்கும். கொட்டாவி விட்டால் கிழியும். சம்பல் பட்டால் உயிர் போகும். "பல்லி எச்சம் பட்டிருச்சு" என்று சொல்லிவிடுவார்கள். பாவம், பல்லிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கடைவாயில் எச்சில் தேங்குவதாலும் அங்கே கிருமி வளர்வதாலும் இது வரலாம். பல் கட்டியவர்களுக்குப் பல் செட் சரியாகப் பொருந்தாவிட்டாலும் வரும். சீனி வியாதி உள்ளவர்களுக்கும் வரும். ஆனால் நம் பெண்களைப் பொறுத்தவரை கட்டாயம் நினைக்க வேண்டிய காரணம் இரண்டு. ஒன்று இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவு, மற்றது பி விற்றமின் குறைவு. கடைவாய் வெடிப்போடு களைப்பு, மேடு ஏறினால் மூச்சு வாங்குவது, தலைசுற்று, உள்ளங்கையும் கண்ணின் உட்பக்கமும் வெளிறியிருப்பது, நாக்கு வழுவழுவென்று எரிவது, இவை இருந்தால் இரத்தம் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். இங்கே எண்ணெய் மட்டும் பூசினால் போதாது. வாய் சொல்கிற குறை வயிற்றில் இருக்கிறது.

காலையில் ரொட்டியும் சாயத்தண்ணியும், பகலில் ரொட்டியும் சாயத்தண்ணியும் என்று எத்தனை வீட்டில் நடக்கிறது! நாம் பறிக்கிற தேயிலையைக் குறை சொல்லவில்லை. தேத்தண்ணி குடியுங்கள். ஆனால் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். தேயிலையில் உள்ள துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சேரவேண்டியதில் பாதிக்கு மேல்கூட வீணாகலாம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். செலவே இல்லாத வைத்தியம் இது.

சாப்பாட்டோடு தேத்தண்ணிக்குப் பதில் ஒரு கொய்யாப்பழமோ, நெல்லிக்காயோ, கறியில் பிழிந்த தேசிக்காயோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். லயத்துக்குப் பின்னால் இரண்டு முருங்கைக் கம்பு நடலாம், உயரமான குளிர்த் தோட்டங்களில் வேறு கீரை போடலாம். பொன்னாங்காணி, வல்லாரை, பருப்பு, பயறு, கௌபி, நெத்தலிக் கருவாடு, முடிந்தபோது முட்டை, ஈரல். பி விற்றமினுக்கு பால், முட்டை, கீரை. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசையும் திரிபோஷாவும் கொடுக்கிறார்கள். குளிசை போட்டால் வயிறு பிரட்டுகிறது என்று தகரப் பெட்டிக்குள் போட்டு வைக்காதீர்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், போடும் நேரத்தை மாற்றித் தருவார். குளிசையையும் தேத்தண்ணியில் விழுங்க வேண்டாம்.

ஆறாத புண்

இனிச் சொல்வதைச் சிரிக்காமல் கேளுங்கள். எண்ணெய் பூசினோம், தண்ணீர் குடித்தோம், இரண்டு வாரம் ஆகிவிட்டது. உதட்டிலோ, கன்னத்தின் உட்புறத்திலோ, நாக்கின் ஓரத்திலோ ஒரு புண் ஆறவே இல்லை. வலிக்கவும் இல்லை. வலிக்காததால் நாம் பயப்படுவதில்லை. ஆனால் வலியில்லாமல் ஆறாமல் இருக்கிற புண்ணைத்தான் கட்டாயம் காட்ட வேண்டும்.

இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முன்வரிசையில் நிற்கிறது. பெண்களுக்கும் வருகிறது. காரணம் நமக்குத் தெரியாததா? வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, பொயிலை. குளிருக்கு ஒரு வாய், பசிக்கு ஒரு வாய், அலுப்புக்கு ஒரு வாய். சிலர் இரவிலும் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்குகிறார்கள். "நான் பொயிலை போடுறதில்ல, வெறும் பாக்குதான்" என்று சொல்பவர்களும் தப்ப முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985ஆம் ஆண்டிலேயே பொயிலை சேர்ந்த வெற்றிலையைப் புற்றுநோய்க் காரணி என்று சொன்னது. 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் பொயிலை சேராத வெற்றிலைத் தாம்பூலத்தையும், தனிப் பாக்கையும் அதே பட்டியலில் சேர்த்துவிட்டது. பைக்கற்றில் வருகிற புகையற்ற புகையிலைப் பொருட்களை 2016ஆம் ஆண்டு அரசாங்கம் தடை செய்தது. தடை செய்தாலும், கேட்கிறவர் இருக்கும்வரை ஒளித்து விற்கிறவரும் இருப்பார். கொழும்பில் வேலை செய்யும் தம்பிமார் தூக்கம் வராமல் இருக்க இதைப் போடப் பழகுகிறார்கள். அப்பாவிடம் இருந்த பழக்கம் இங்கே வேறு பெயரில் பைக்கற்றில் வருகிறது, அவ்வளவுதான். இதோடு சுருட்டு, பீடி, சாராயம் சேர்ந்தால் ஆபத்து இன்னும் பெரிது.

புற்றுநோய் ஒரே இரவில் வருவதில்லை. அதற்கு முன்னால் பல வருடம் வாய் நமக்கு அடையாளம் காட்டுகிறது. துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை. வெல்வெட் துணிபோல் சிவந்த படை. காரம் பட்டால் வாயெல்லாம் எரிவது. வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க முடியாமல் போவது. உதட்டில் ஆறாத பொருக்கு. இந்த நிலையில் பிடித்தால் வைத்தியம் சுலபம். பழக்கத்தை விட்டாலே சில படைகள் குறைந்துபோகும்.

கண்ணால் பார்ப்பதில் என்ன பெரிய பயன் என்று நினைக்க வேண்டாம். கேரளாவில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996ஆம் ஆண்டு முதல் ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். 35 வயதுக்கு மேற்பட்ட ஒரு இலட்சத்து 90 ஆயிரம் பேருக்கு மேல் அதில் சேர்ந்தார்கள். பாதி ஊர்களில் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார்கள், சந்தேகப்பட்டவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். வேறு இயந்திரம் ஒன்றும் இல்லை. 2005ஆம் ஆண்டு வந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பாவிக்கிறவர்கள் மத்தியில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நம் நாட்டிலும் கிராமச் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் இப்படிக் கண்டுபிடிக்க முடியும் என்று 1984ஆம் ஆண்டிலேயே ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது.

மாதம் ஒரு முறை வீட்டில் பாருங்கள்

ஒரு சின்னக் கண்ணாடி, ஒரு டோர்ச். போன் வெளிச்சமும் போதும். வாயைக் கொப்பளித்துவிட்டு, பல் செட் இருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

முதலில் இரண்டு உதட்டின் வெளிப்புறம், பிறகு பிரட்டி உட்புறம்.
இரண்டு கன்னத்தின் உட்புறம். வெற்றிலை அடக்குகிற பக்கத்தை நன்றாகப் பாருங்கள்.
நாக்கை நீட்டி மேற்புறம், இரு ஓரம், பிறகு தூக்கி அடிப்புறம்.
முரசும் அண்ணமும்.
கடைசியாக, மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் வாய் இறுகத் தொடங்கியிருக்கலாம்.

படையோ கட்டியோ இருந்தால், அல்லது புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், அதற்குமேல் வீட்டு வைத்தியம் வேண்டாம். தோட்ட டிஸ்பென்சரியில் காட்டுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். பேராதனையில் பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது. கொழும்பில் வாட் பிளேஸில் பல் வைத்தியசாலை இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்கும் வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கும் அது பஸ் தூரம்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்க்கக் காசு இல்லை.

ஏன் போகவில்லை என்று கேட்டால் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "ஒரு நாள் பேர் போடலன்னா சம்பளம் போயிரும் மிஸ்." உண்மைதான், அதை நான் சின்ன விடயமாக நினைக்கவில்லை. ஆனால் கணக்குப் பாருங்கள். ஆரம்பத்தில் காட்டினால் போவது ஒரு நாள், இரண்டு நாள் பேர். முற்றிய பிறகு மகரகம ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் தங்க வேண்டும். கூட நிற்பவரின் பேரும் போகும், பிள்ளையின் படிப்பும் நிற்கும். இன்னும் சிலர், "டொக்டர் சிங்களத்துல கேட்டா என்ன சொல்றது?" என்று பின்வாங்குகிறார்கள். கொழும்பில் இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு இப்போது சிங்களம் வருகிறது. ஆஸ்பத்திரியில் எந்தக் கதவு, எந்தத் துண்டு என்று விசாரிக்கத் தெரிகிறது. அம்மா அப்பாவுக்காக அதைப் பாவியுங்கள். ஒருநாள் லீவு கேட்டு அவர்களோடு போங்கள்.

வெற்றிலையை இன்றைக்கே விட்டுவிடு என்று சொன்னால் ஐம்பது வருடம் போட்டவர் கேட்பாரா? முதலில் இரவில் அடக்குவதை விடச் சொல்லுங்கள். பிறகு பொயிலையை விடச் சொல்லுங்கள். பிறகு எண்ணிக்கையைக் குறைத்து, பாக்கையும் நிறுத்தலாம். வாய் தேடும்போது கிராம்போ, ஏலக்காயோ, ஒரு துண்டு இஞ்சியோ மெல்லலாம். பேரப்பிள்ளைக்கு ஆசையாக ஒரு துண்டு பாக்குக் கொடுக்கிற பழக்கத்தை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள்.

தாய்மாரே, பிள்ளைகளே, குளிரும் காற்றும் வெடிக்கவைத்த உதட்டை எண்ணெயும் தண்ணீரும் ஆற்றும். கடைவாய் வெடித்தால் சாப்பாட்டையும் இரத்தத்தையும் பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாததை வைத்தியர் பார்க்கட்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் புதுத்துணியோடு ஒரு சின்னக் கண்ணாடியும் கொண்டுபோய், வீட்டிலுள்ள பெரியவர்களை வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைப் பாருங்கள். வெட்கப்படுவார்கள், கோபிப்பார்கள். விடாதீர்கள்.

கூட்டம் முடிந்த பிறகு காட்ட விரும்புகிறவர்கள் இந்தப் பக்கம் வாருங்கள், டோர்ச் கொண்டுவந்திருக்கிறேன்.